இடது கை நகரவில்லை

நான் டிரம்ஸ்காரன். என்னிடம் சுரம் கிடையாது.
அதனால்தானோ என்னவோ
இரண்டு பேரும் தனித்தனியே
என்னிடம்தான் வந்து கொட்டுவார்கள்.

வெர்டெல் பியானோ. லியோட்டிஸ் பேஸ்.
டெட்ராய்ட்டில், நெடுஞ்சாலைக்காக
ஹேஸ்டிங்ஸ் தெருவை இடித்துக்கொண்டிருந்த சமயம்.
நீதிபதி வீட்டைப் பிரித்தார்,
காரைப் பிரித்தார், பிள்ளைகளின் வாரத்தை
நடுவில் மடித்துக் கிழித்தார்.
வியாழக்கிழமை இரவை மறந்துவிட்டார்.
அதனால் வியாழன்தோறும் அவர்கள்
நான்கடி இடைவெளியில் நின்று
ஒரே பாட்டுக்குள் போக வேண்டியிருந்தது.

வாசலில் கோட்டு வாங்கி மாட்டும் ஜெனீவா
ராசிக்கட்டம் பார்ப்பாள்.
பன்னிரண்டு வீடு, என்பாள்.
எந்த வீட்டில் நின்றாலும்
நேரெதிரே இருப்பது ஏழாவது.
அதுதான் கல்யாண வீடு.
அவ்வளவு தூரத்திலா, என்று கேட்டேன்.
அதைவிடத் தூரம் வட்டத்திலேயே இல்லை, என்றாள்.

சுரங்களுக்குள் இணை உண்டு, கிளை உண்டு,
நட்பு உண்டு, பகையும் உண்டு.
எனக்குக் காதில் விழும். கணக்குத் தெரியாது.
அன்றைய கணக்கை மட்டும்
லியோட்டிஸ் பிறகு சிகரெட் அட்டையில் எழுதிக் காட்டினான்.

பனி கொட்டிய ராத்திரி. ஒன்பது பேர் கேட்க.
மெதுவான பாட்டு. கடைசிக்கு முந்தின வரி.
அவள் இடது கையில் இரண்டே சுரம்: பி, எஃப்.
அடியில் ஜி வந்து தாங்க வேண்டும்.
தாங்கினால் பி மூன்றாவது, எஃப் ஏழாவது,
அடுத்தது சி, வீடு, விளக்கு, சாப்பாடு.
பதினோரு வருடமாக அப்படித்தான்.

அவன் ஜி-க்குப் போகவில்லை.
கட்டத்தின் எதிர்மூலையில்
டி ஃப்ளாட்டில் விரலை ஊன்றினான்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.
இடது கை நகரவில்லை.
நகரத் தேவையும் இல்லை. அதே பி, அதே எஃப்.
மூன்றாவதாக இருந்தது ஏழாவதாகி,
ஏழாவது மூன்றாவதாகி,
ஒரு பிள்ளையும் வீட்டைவிட்டு
எழுந்து போகாமலே
வீடு மாறியிருந்தது.

பிறகு வலது கை கிளம்பியது.
ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட், பி, டி ஃப்ளாட்,
ஈ ஃப்ளாட், எஃப், ஜி. வேறில்லை, ஏழுதான்.
ஜி-யில் நின்று கேட்டால்
ஐந்தாவது பெயர்ந்து, ஒன்பதாவது பிளந்து
ஒரு சாமானும் வைத்த இடத்தில் இல்லை.
டி ஃப்ளாட்டில் நின்று கேட்டால்
நான்காவது மட்டும் அரைப்படி உயர்ந்து
யாரோ ஜன்னலைத் திறந்த மாதிரி.
அவள் சிதைந்ததை வாசித்தாள்.
அவனுக்கு அது வெளிச்சமாகக் கேட்டது.
இரண்டும் பொய்யில்லை.

இரண்டுக்கும் பிறந்தகம் ஒன்றுண்டாம்,
ஏ ஃப்ளாட் மெலோடிக் மைனர்.
அன்றிரவு அந்த வீட்டில்
ஒருவரும் விளக்குப் போடவில்லை.
நான் மட்டும் பிரஷ்ஷால்
வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

அரைப்படி சறுக்கி அவன் சி-க்கு வந்தான்.
அவளும் வந்தாள், எந்த வழியென்று கவனிக்கவில்லை.
ஒன்பது பேரில் ஒருவர் கைதட்டினார்.

“டி ஃப்ளாட் யாரைக் கேட்டு?”
“நீ கையை எடுக்கலியே.”
அவள் கோட்டை மாட்டிக்கொண்டு
மொஸெலின் பல் டாக்டர் பில்லை
பேஸ் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிறு மாலை பிள்ளைகளை
இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கு
என் பிளிமத்தில் கொண்டுபோய் விடுவது நான்.
அம்மா வீட்டில் டெல்பர்ட்தான் பெரியவன்.
முட்டை பொரிப்பான், கதவைப் பூட்டிச் சரிபார்ப்பான்,
தங்கையை அதட்டுவான்.
அப்பா வீட்டில் இருட்டென்றால் பயம்,
ஆறு வயது மொஸெல்தான்
அவன் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கவைப்பாள்.

ரயில் பாதையைத் தாண்டும்போது
கண்ணாடியில் பார்ப்பேன்.
அவள் அவன் கோட்டுப் பொத்தானைப்
போட்டுவிட்டுக்கொண்டிருப்பாள்.
முந்தின சிக்னலில் அவன்தான்
அவள் மூக்கைத் துடைத்துவிட்டான்.

எந்தத் தெருவில் மாறுகிறார்கள் என்று
எத்தனையோ ஞாயிறு எண்ணிப் பார்த்தாயிற்று,
எண்ணுவது என் தொழில்.
பிடிபடவில்லை.
இருவரும் இருந்த இடத்தைவிட்டு
அசைவதே இல்லை.